நெருப்பைப் பாகம் பிரித்த குடும்பம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரத்துக்குத் தெற்கே லாக்ஹார்ட் என்றொரு சிற்றூர். பழைய நீதிமன்றக் கட்டடம், அதைச் சுற்றிக் கடைத்தெரு, அவ்வளவுதான் ஊர். ஆனால் சாப்பாட்டு வேளையில் வெளியூர்க் கார்கள் வரிசைகட்டும். எல்லாம் பார்பிக்யூவுக்காக, அதாவது விறகுப் புகையில் பக்குவமாக வெந்த மாட்டுக்கறிக்காக. 1999-இல் மாநிலப் பிரதிநிதிகள் சபை இந்த ஊரை டெக்சஸின் பார்பிக்யூ தலைநகரம் என்று தீர்மானம் போட்டுப் பாராட்டியது. வேடிக்கை என்னவென்றால், ஊரின் பேர்போன கடை இரண்டாக உடைந்ததும் அதே ஆண்டில்தான்.

அந்தக் கடை க்ரைட்ஸ் மார்க்கெட். 1900-இல் சார்லஸ் க்ரைட்ஸ் தொடங்கியபோது அது கறிக்கடையும் மளிகைக்கடையும் சேர்ந்தது. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் நடத்திய கறிக்கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. குளிர்பெட்டி இல்லாத காலம். விற்காத கறியைப் புகை போட்டு வைப்பார்கள், துண்டு துணுக்குகளைச் சாசேஜ் ஆக்குவார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதைச் சூடாக வாங்கி, கறி மடிக்கும் காகிதத்திலேயே வைத்துத் தின்றார்கள். தொட்டுக்கொள்ள அதே கடை அலமாரியிலிருந்து பிஸ்கட், வெங்காயம், ஊறுகாய்.

இன்றும் எடைக்குத்தான் விற்பனை. தட்டு கிடையாது, காகிதம்தான். சாஸ் கிடையாது, முள்கரண்டியும் கிடையாது என்பது நெடுநாளாக க்ரைட்ஸ் கடையின் பெருமையாக இருந்தது. கையால் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது பெரிய விஷயமில்லை. அமெரிக்கர்களுக்கு இதுவே ஒரு சாகசம். கடை முன்பு இருந்த பழைய கட்டடத்தில் பெஞ்சுகளோடு கத்திகளைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள்.

அடுப்பைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். ஆள் நீளத்துக்கும் மேலான செங்கல் தொட்டி, மேலே கனத்த இரும்பு மூடி. நெருப்பு கறிக்கு அடியில் இல்லை. தொட்டியின் ஒரு முனையில், தரையிலேயே திறந்தபடி எரிகிறது. மறுமுனையில் இருக்கும் புகைபோக்கி அனலையும் புகையையும் கறிக்கு மேலாக இழுத்துக்கொள்கிறது. விறகு, அந்தப் பக்கத்தில் விளையும் போஸ்ட் ஓக். மசாலா என்று பார்த்தால் உப்பு, மிளகு, கொஞ்சம் மிளகாய்த்தூள். வாடிக்கையாளர்கள் அந்த நெருப்பை ஒட்டித்தான் வரிசையில் நிற்க வேண்டும், டெக்சஸ் கோடையிலும்கூட.

1948-இல் கடையை வாங்கியவர் அங்கேயே வேலை பார்த்துவந்த எட்கர் ஷ்மிட். ஊருக்கு அவர் 'ஸ்மிட்டி'. 1984-இல் வியாபாரத்தை மகன்களுக்கு விற்றார். 1990-இல் அவர் காலமானபோது கட்டடம் மகள் நீனாவுக்குப் போனது. வியாபாரம் மகன்களிடம், சுவர் மகளிடம். குத்தகை விஷயத்தில் பேச்சு ஒத்துவரவில்லை. பாகப்பிரிவினை பார்த்த நமக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

மகன்களில் ஒருவரான ரிக் ஊருக்குள்ளேயே பெரிய கொட்டகை போலப் புதுக் கட்டடம் எழுப்பினார். 1999 செப்டம்பரில் பழைய அடுப்பின் கங்குகளை ஒரு தகரத் தொட்டியில் அள்ளி, தெருவோடு இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பை மூட்டினார்கள். பழைய இடத்தில் நீனா, அப்பாவின் பெயரில் ஸ்மிட்டிஸ் மார்க்கெட் திறந்தார். புகையேறிக் கறுத்த சுவர்களும் பழைய அடுப்புகளும் அவர் பக்கம். பெயரும் கங்கும் ரிக் பக்கம்.

எது அசல் என்று கேட்டால் ஊரில் பஞ்சாயத்து தீராது. இடையில் 1932 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் பிளாக்ஸ் கடைக்காரர்கள், உடையாத குடும்பம் எங்களுடையது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வாய்ப்பிருந்தது. ஆனால் 2014-இல் அந்தக் குடும்பத்து இளைய கிளை ஒன்று ஆஸ்டினில் தனிக்கடை போட, அங்கேயும் பெயர்ச் சண்டை வந்துவிட்டது. வியாபாரத்தைப் பொறுத்தவரை யாருக்கும் நட்டமில்லை. தூரத்திலிருந்து வருகிறவர்கள் பலர் ஒரே நாளில் மூன்று கடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கித் தின்றுவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள்.