கரையை ஆற்றுக்கே விடுவோம்



2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த பெருவெள்ளத்தை ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோத்தா திங்கியும் சிகாமட்டும் நீரில் மூழ்கின. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினர். அத்தகைய அடைமழையை எந்த மரமும் நிறுத்திவிடாது. ஆனால் கரை இடிவதையும், மண் கரைந்து ஆறு தூர்ந்து போவதையும் மரவேர் குறைக்கும். அழிந்த கரைக்காட்டை மீண்டும் உண்டாக்குவது எப்படி?

காடு வளர்ப்பு என்றதும் கன்றும் மண்வெட்டியும் நம் நினைவுக்கு வரும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இருந்த காடு ஏன் அழிந்தது? காரணத்தை நீக்காமல் நட்டால் கன்றும் அழியும்.

தமிழ்நாட்டில், சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. முன்பு அங்கே மரங்களைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட நிலம் தாழ்ந்தது. உள்ளே தேங்கிய கடல்நீர் வற்றி, மண்ணில் உப்பு ஏறியது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். அலைநீர் வந்து போயிற்று, உப்புக் குறைந்தது. அதன் பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன.

நம் தோட்டத்து ஓடையில் காரணம் வேறு. செம்பனையைக் கரைவரை நட்டு, புல் கருக மருந்து அடித்தால் மண் பிடிப்பின்றி நிற்கும். ஆகவே முதல் வேலை, கரையோரத்தில் மருந்தையும் உரத்தையும் நிறுத்துவது. 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு இருபுறமும் 5 மீட்டர், 40 மீட்டருக்கு மேல் அகன்ற ஆற்றுக்கு 50 மீட்டர் விட வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி.

இரண்டாவது, பொறுத்துப் பார்ப்பது. தானே முளைக்கும் செடிகளைக் காப்பாற்றுங்கள். மூன்றாவதுதான் நடவு. ஈரத்தில் நிற்கக்கூடிய உள்ளூர் மரங்களே ஏற்றவை. நம் நாவலுக்கு உறவான கெலாட் அவற்றில் ஒன்று. கன்றைச் சுற்றும் கொடியைக் கையால் அகற்றுங்கள்.

நிலம் நம்முடையதல்லவே என்பீர்கள். உண்மைதான். ஆனால் மருந்துத் தோம்பைச் சுமப்பதும், அந்த ஓடையில் இறங்கி விளையாடுவதும் நம் வீட்டுப் பிள்ளைகளே. மறுநடவுக்கு முன் கிளைச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், நிர்வாகத்திடம் கேளுங்கள். ஜொகூர் ஆற்றில் சேரும் ஓடையானால், அது இம்மாநில மக்களும் சிங்கப்பூர் மக்களும் குடிக்கும் நீர்.