நாற்காலி போட்டது யார்?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, குடியேறிகளுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுவில் பல சமூகத் தலைவர்கள் உட்காருவது பற்றி. நான் மேடைக்கு வரும்போதே முன்வரிசைத் தோழர் ஒருவர், “அமெரிக்காக்காரன் கமிட்டியில எவன் உட்கார்ந்தா நமக்கென்னங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சேரிக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் நாம். ஆனாலும் சொல்றேன். உதவி நடக்கிற இடத்தில் கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம். கொடுப்பவர் கூடிப் பேசும் மேசையில் வாங்குபவருக்கு நாற்காலி உண்டா, உண்டென்றால் அந்த நாற்காலியைப் போட்டது யார்? இந்தக் கேள்வியை அம்பேத்கர் 1932லேயே கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு வர்றேன். முதலில் சியாட்டில்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் துறைமுக நகரம். சியாட்டில் என்பதே அந்த மண்ணின் ஆதிகுடித் தலைவர் ஒருவரின் பெயர்தான். பெயரை ஊருக்கு வைத்துக்கொண்டு ஆட்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நம்ம ஊரில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அந்த நகரத்தில் 1960களின் கடைசியிலும் 70களிலும் நான்கு பேர் சேர்ந்தார்கள். பாப் சாண்டோஸ் பிலிப்பினோ வம்சாவளி, ஆசியர்கள் வாழ்ந்த இன்டர்நேஷனல் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் வேலை செய்தவர். பெர்னி வைட்பேர் ஆதிகுடி. ராபர்ட்டோ மாஸ்டாஸ் மெக்சிக்க வம்சாவளி ஆசிரியர். லாரி கொசெட் கறுப்பின மாணவர் இயக்கத்திலிருந்து வந்தவர். ஊரே இவர்களை ‘நால்வர் கும்பல்’ என்று கேலியும் பிரியமுமாக அழைத்தது. 1980களில் சிறுபான்மைச் சமூகங்களின் தொண்டு நிறுவன இயக்குநர்களை ஒரே கூட்டமைப்பாக இவர்கள் திரட்டினார்கள்.

இவர்களை யாரும் கடிதம் போட்டு அழைத்துக் கமிட்டியில் உட்கார வைக்கவில்லை. 1970 மார்ச்சில், ராணுவம் காலி செய்யவிருந்த லாட்டன் கோட்டை நிலத்தில் வைட்பேரும் ஆதிகுடி மக்களும் வேலி ஏறிக் குதித்தார்கள். அடித்தார்கள், கைது செய்தார்கள், மறுபடியும் குதித்தார்கள். கடைசியில் 20 ஏக்கர், 99 வருடக் குத்தகை. அங்கே அவர்கள் கட்டிய பண்பாட்டு மையம் 1977ல் திறக்கப்பட்டது.

மாஸ்டாஸ் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. சமுதாயக் கல்லூரி ஒன்றில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு நடந்தது. கூலி வேலை செய்யும் ஸ்பானிஷ் பேசுகிற சனங்கள்தான் அதில் அதிகம். பணம் இல்லை என்று வகுப்பை நிறுத்திவிட்டார்கள். 1972 அக்டோபரில், படித்தவர்களும் சொல்லிக் கொடுத்தவர்களும் பிள்ளைகுட்டிகளோடு பீக்கன் ஹில்லில் மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். கட்டடத்தைப் பார்க்க வந்த மாதிரி போய், வெளியே வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே வெந்நீர் இல்லை, குளிருக்குக் கணப்பு இல்லை. அந்த ஊர்க் குளிரில் மூன்று மாதம்! ஆசியர், கறுப்பர், ஆதிகுடிகள், ஏழை வெள்ளையர் என்று மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். கடைசியில் வருடத்துக்கு ஒரு டாலர் வாடகை என்று கட்டடம் கைக்கு வந்தது. அதுதான் எல் சென்ட்ரோ டி லா ராஸா. எல்லா இன மக்களின் மையம் என்று அவர்களே பொருள் சொல்கிறார்கள். குழந்தைக் காப்பகம், உணவு வங்கி, குடியேறி வருகிறவர்களுக்கான உதவி எல்லாம் அங்கே வளர்ந்தன. நால்வரும் ஆண்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே போராட்டத்தில் நின்ற எஸ்டெலா ஓர்டேகா, மாஸ்டாஸுக்குப் பிறகு அந்த நிறுவனத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றார். புகைப்படத்தில் நால்வரைப் பார்க்கிற நாம் சமையலறையிலும் குழந்தைகளோடும் இருந்தவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்படி வந்தவன் ஒரு கமிட்டியில் உட்கார்ந்தால், அவன் முதுகுக்குப் பின்னால் மூன்று மாதம் குளிரில் கிடந்த சனம் உட்கார்ந்திருக்கிறது. அவன் தப்பாகக் கை தூக்கினால் தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். பிரதிநிதித்துவம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அரபுகளும் முஸ்லிம்களும் சீக்கியர்களும் தெருவில் தாக்கப்பட்டார்கள். அந்த நவம்பரில் சியாட்டிலில் சோமாலியர் நடத்திய மளிகைக் கடைக்குள் மத்திய அரசின் அதிகாரிகள் புகுந்து சரக்கை அள்ளிப் போனார்கள். அப்போதுதான் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் ‘வெறுப்பற்ற மண்டலம்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2008ல் அது ஒன்அமெரிக்கா ஆனது. அவர் 2016ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பல நாட்டார் பல மதத்தார் ஒரே மேசையில் உட்கார வேண்டிய அவசியத்தை அன்றைக்கு பயம் உண்டாக்கியது.

ஆனால் எல்லா நிறுவனமும் இப்படிப் பிறக்கவில்லை. அமெரிக்காவில் தொண்டு நிறுவனம் என்றால் நிர்வாகக் குழு இருக்க வேண்டும். அந்த போர்டுதான் இயக்குநரை வேலைக்கு வைக்கும், நீக்கும், வரவுசெலவை ஒப்புக்கொள்ளும். போர்டில் அடுத்து யார் என்பதைப் பெரும்பாலும் இப்போது இருக்கிற போர்டே முடிவு செய்யும். வக்கீல், பேங்க் அதிகாரி, கம்பெனி மேலாளர் வேண்டும் என்பார்கள். ஆளுக்கு இவ்வளவு நன்கொடை தர வேண்டும், அல்லது திரட்டித் தர வேண்டும் என்று எழுதாத விதியும், சில இடத்தில் எழுதிய விதியும் உண்டு. ராத்திரி ஷிப்டில் ஆபீஸ் கூட்டித் துடைக்கிற அம்மா அந்த போர்டுக்கு எப்படி வருவார்? வந்தாலும், முப்பது பக்க இங்கிலீஷ் கணக்கு அறிக்கையை முந்தின நாள் அனுப்பிவிட்டு ‘கருத்து சொல்லுங்க’ என்றால் அவர் என்ன சொல்வார்?

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் சமுதாய சுகாதார நிலையங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. போர்டில் பாதிக்கு மேல், குறைந்தது 51 சதவீதம், அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்கிற நோயாளிகளே இருக்க வேண்டும். 1978ல் தொடங்கிய சீ மார் என்கிற நிலையம், இன்டர்நேஷனல் டிஸ்ட்ரிக்டில் ஆசியக் குடியேறிகளுக்கென்று தொடங்கிய நிலையம், எல்லாம் இந்த வகைதான். 1964ல் வந்த வறுமை எதிர்ப்புச் சட்டத்தின் வழியில் உண்டான அமைப்புகளில், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஏழைகளின் பிரதிநிதிகள். அவர்களை ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் விதி உண்டு. நடைமுறையில் இதிலும் ஓட்டை போடுவார்கள். ஓட்டை போட்டாலும் விதி விதிதான், காட்டிச் சண்டை போடலாம்.

இனி நம்ம விஷயம். அந்த போர்டுகளில் ‘பன்முகம்’ என்று எதை எண்ணுகிறார்கள்? கறுப்பர் ஒருவர், லத்தீனோ ஒருவர், ஆப்பிரிக்கர் ஒருவர், தெற்காசியர் ஒருவர். தெற்காசியர் என்ற ஒரே கட்டத்துக்குள் அக்கிரகாரமும் சேரியும் ஒன்றாகப் போய் விழுகின்றன. அந்த ஒரு நாற்காலியில் யார் முதலில் போய் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1965ன் குடியேற்றச் சட்டம் படிப்பும் தொழில்திறனும் உள்ளவனுக்குக் கதவைத் திறந்தது. அன்றைக்குப் படிப்பு யார் கையில் இருந்தது?

என் அக்கா மகன் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். குடியேறிகளுக்கு உதவும் ஒரு நிறுவனத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் படிவம் நிரப்பிக் கொடுப்பான். போன வருடம் போர்டில் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ராத்திரி போன் போட்டான். “மாமா, தெற்காசியர் சீட்டுன்னு கூப்பிடறாங்க. ஏற்கனவே அந்த சீட்ல இருந்தவரே என் பேரைச் சொல்லியிருக்கார். நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. சேரலாமா?”

“சேர்ந்துட்டு என்ன பேசுவ?”ன்னேன்.

“அதான் மாமா. வீட்டு வேலைக்குன்னு கூட்டிட்டு வந்து சம்பளம் குடுக்காம வெச்சிருக்கற கேஸ் வருது. ரெண்டு பக்கமும் நம்ம ஊர்க்காரங்க. போர்டுல அதை ‘குடும்பத் தகராறு’ன்னு எழுதறாங்க. அது சாதின்னு நான் சொன்னா, நீ எந்த சாதின்னு அடுத்த கேள்வி வரும்.”

அவன் பயம் வெறும் கூச்சமில்லை. வேலை விசாவில் இருக்கிறவன். வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள்தான். மேலதிகாரி நம்ம நாட்டுக்காரர். போர்டில் இருக்கிறவரும் அவரும் ஒரே பஜனைக்குப் போகிறவர்கள். வாயைத் திறந்தால் சோற்றில் கை வைப்பார்களோ என்கிற பயம், கடல் தாண்டியும் விடாத அதே ஊர்ப் பயம்.

அந்த ஊரில்தான் 2023 பிப்ரவரி 21ல் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம். ஆறு பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. தீர்மானத்தைக் கொண்டுவந்த க்ஷமா சாவந்த் தான் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர் என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்தார். தலித் அமைப்புகள் திரண்டு போய் சாட்சி சொன்னன. தன்னை வெளியே சொல்லாமல் வருடக்கணக்கில் இருந்தவர்கள் மைக்கைப் பிடித்தார்கள். அதே வருடம் கலிபோர்னியாவில், ஆப்கான் வம்சாவளியான செனட்டர் ஆயிஷா வஹாப் கொண்டுவந்த மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறியும், அக்டோபர் 7ஆம் தேதி ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இருக்கிற சட்டமே போதும் என்றார். எதிர்த்தவர்களில் பலர் ‘சிறுபான்மை இந்துக்களைக் குறிவைக்கிறார்கள்’ என்று சொன்னார்கள். இங்கே பெரும்பான்மை, அங்கே சிறுபான்மை. வசதிக்கு எது வேண்டுமோ அது.

இப்போது 1932. புனா ஒப்பந்தம் முடிந்த சூட்டோடு காந்தி தீண்டாமை எதிர்ப்புக்கென்று ஒரு சங்கம் வைத்தார். பிறகு அது ஹரிஜன சேவக் சங்கம். தலைவர் கன்ஷியாம்தாஸ் பிர்லா, செயலாளர் தக்கர். அம்பேத்கரும் முதலில் அதன் குழுவில் இருந்தார். நவம்பர் 14ஆம் தேதி, லண்டன் போகும் கப்பலில் இருந்தே தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். கிணறு, பள்ளிக்கூடம், தெரு, வேலைவாய்ப்பு, இவற்றில் உரிமைக்காகப் போராடுங்கள். ஊழியர்களைத் தாழ்த்தப்பட்டவர்களிலிருந்தே எடுங்கள் என்பது அதன் சாரம். கடிதம் வந்து சேர்ந்தது என்றுகூட யாரும் பதில் போடவில்லை. அவர் வெளியேறினார். பிற்பாடு தீண்டப்படாத மக்களே போய் ‘நிர்வாகக் குழுவில் எங்களுக்கு இடம் கொடுங்கள்’ என்று கேட்டபோது காந்தி சொன்ன காரணம்: இது இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், பணமும் அவர்கள் பணம், ஆகவே நடத்துவதும் அவர்களே. காங்கிரசும் காந்தியும் நமக்குச் செய்தது என்ன என்று அம்பேத்கர் 1945ல் எழுதிய நூலில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது.

பணம் கொடுப்பவன் பாவத்தைக் கழுவ நாம் சோப்பு! நம்ம மாவட்டங்களிலும் தலித் மேம்பாடு என்று வெளிநாட்டுப் பணம் வாங்கும் நிறுவனங்களின் கடிதத் தாளில் அறங்காவலர் பெயர்களைப் படித்துப் பாருங்கள். களப்பணியாளர் நம்ம பெண்கள், சைக்கிள் நம்ம பையன், கையெழுத்து வேறு ஆள்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது இதுதான்: “அந்தாள் போட்ட நாற்காலியில தனியா போய் உட்காராதே. முதல்ல ஞாயித்துக்கிழமை படிவம் எழுத வர்ற சனங்கள்ல நம்மவங்களைக் கண்டுபிடி. நேபாளத்துக்காரன் இருப்பான், பஞ்சாப்காரன் இருப்பான், வங்காளத்துக்காரன் இருப்பான். பத்துப் பேர் சேருங்க. போர்டுல பாதி, உதவி வாங்க வர்றவங்களே தேர்ந்தெடுத்த ஆளா இருக்கணும்னு எழுதிக் குடுங்க. சுகாதார நிலையத்துக்கு இருக்கிற விதியைக் காட்டுங்க. மீட்டிங்கை ஷிப்டு முடியற நேரத்துக்கு வெக்கச் சொல்லுங்க, மொழிபெயர்ப்புக்குப் பணம் ஒதுக்கச் சொல்லுங்க. புகார்ப் படிவத்துல சாதிக்கு ஒரு கட்டம் போடச் சொல்லுங்க, ஊர்லயே சட்டம் இருக்கு. அப்புறம் உன் பேர் வந்தா உட்காரு.”

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “பத்துப் பேர் கிடைப்பாங்களா மாமா?” என்றான். போன மாதம் பேசியபோது நாலு பேர் சேர்ந்திருப்பதாகச் சொன்னான். அதில் இரண்டு பேர் நேபாள தலித் பெண்கள், ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவர்கள். மனுவை எழுதிவிட்டார்கள், கையெழுத்துத்தான் பாக்கி. யார் பெயர் முதலில் என்பதில் நிற்கிறது.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது என்று தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்க. முன்வரிசைத் தோழர் முதலில் கேட்கட்டும்.