மனக்கவலையும் உடல்நலமும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்க வந்த பிள்ளைகள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று நான் பேசப்போவது பெற்றோர்களிடம். புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருப்பவர்களையும் பார்க்கிறேன்.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போவார். காய்ச்சல் என்று படுத்தவர் அல்லர். நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது தோட்டம் கைமாறியது. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. "ஆம்பளயே கலங்கினா குடும்பம் என்னாவுறது?" என்பது அவர் எண்ணம். தூக்கம் போயிற்று. சிகரெட் கூடிற்று, மாலையில் கள்ளும் சேர்ந்தது. ஐந்தாம் மாதம் ஒரு காலையில் வாய் கோணி, வலக்கை விழுந்துவிட்டது. பக்கவாதம்! அப்போது அவருக்கு வயது 49. பிரஷர் இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

புதரில் பாம்பு சீறினால் நெஞ்சு படபடக்கிறது அல்லவா? சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசோல் என்பவற்றைச் சுரக்கின்றன. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. ஓடித் தப்பிக்க அது தேவைதான். பாம்பு போனால் உடம்பு அடங்கிவிடும். கடன் அப்படிப் போவதில்லையே! 1936இல் ஹான்ஸ் செல்யே என்ற அறிஞர் எலிகளிடம் இதைக் கண்டார். குளிரோ, காயமோ, ஓயாத உழைப்போ, எதுவானாலும் உடம்பு ஒரே விதமாகப் பழுதடைந்தது; வயிற்றில் புண்கூட வந்தது.

தாய்மார்கள் இதையும் கேட்க வேண்டும். சப்பாத்துக் கயிற்றின் நுனியில் ஓர் உறை இருக்கிறதே, அதுபோல நம் உயிரணுக்களிலுள்ள மரபிழைகளுக்கும் நுனி உறை உண்டு. வயது ஏற ஏற அது தேயும். 2004இல் எலிசா எப்பல், எலிசபெத் பிளாக்பர்ன் குழுவினர் அமெரிக்காவில் 58 தாய்மாரைச் சோதித்தார்கள். மன உளைச்சல் மிகுந்தவர்களுக்கு அந்த உறை, உளைச்சல் குறைந்தவர்களைவிடப் பத்து வயதாவது மூத்தவர்களுக்குப் போலத் தேய்ந்திருந்தது.

"கவலைப்படாதீர்கள்" என்று சொல்ல நான் வரவில்லை. சம்பளம் போதாதவரிடம் அப்படிச் சொல்வது கேலி. வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். கள்ளு தூக்கம் தருவதாகத் தோன்றும். நடுராத்திரியில் அதுவே எழுப்பிவிடும், பிரஷரையும் ஏற்றும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குப் பிரஷர் பார்க்கலாம். அந்த ஒரு வெள்ளியை அப்பா செலவழிக்கவில்லை.

இப்போது அவருக்கு 62 வயது. மருந்து தவறுவதில்லை. மாலையில் பக்கத்து வீட்டுக்காரரோடு சீனர் கடைவரை நடப்பார். எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் அம்மா கையில்தான் கொடுக்கிறார். அம்மாவுக்கு மலாய் படிக்க வராது. ஆகவே உடனே எனக்குப் போன் வந்துவிடும்.