பானம் பல, மது ஒன்றே

(தோட்ட மக்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



"நான் அருந்துவது கள்; அது உடலுக்குக் குளிர்ச்சி" என்பார் ஒருவர். "நான் பீருக்கு மேல் போவதில்லை" என்பார் மற்றொருவர். இருவரும் சேர்ந்து சம்சு குடிப்பவரைப் பழிப்பர். மூவர் உடலிலும் சேர்வது ஒரே மதுசாரம் என்பதை மூவருமே மறந்துவிடுகின்றனர்.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 330 மில்லிலிட்டர் பீர் டின்னில், நூற்றுக்கு 5 பங்கு வீதம், ஏறத்தாழ 16 மில்லிலிட்டர் மதுசாரம் உண்டு. 650 மில்லிலிட்டர் கள்ளில், அதே வீதத்தில், 32 மில்லிலிட்டர். உள்ளங்கையில் அடங்கும் 150 மில்லிலிட்டர் சம்சுப் போத்தலில், நூற்றுக்கு 40 பங்கு வீதம், 60 மில்லிலிட்டர்! வெறும் வயிற்றில் அதைக் குடிப்பவர் மூன்றரை டின் பீருக்கும் மேலான மதுசாரத்தைச் சில நிமிடங்களில் விழுங்குகிறார். சம்சுவின் கேடு இவ்வாறு விரைந்து வருகிறது. எனினும், நாள்தோறும் நான்கு டின் பீர் குடிப்பவரின் கல்லீரலும் அதே சுமையைத்தான் சுமக்கிறது.

திராட்சை மது நலம் தரும் என்பாரும் உளர். டென்மார்க்கில் சுமார் 35 இலட்சம் கடைக் கொள்முதல்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். திராட்சை மது வாங்கியோர் பழமும் காய்கறியும் மிகுதியாக வாங்கியிருந்தனர். அவர்களுடைய நலத்திற்குப் போத்தலைவிட உணவே காரணமாக இருக்கலாம் அன்றோ? மதுவில் தீங்கற்ற அளவென்று எதுவுமில்லை என 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மலிவு மதுவில் மற்றோர் ஆபத்தும் உண்டு. 2018 செப்டம்பரில், மெத்தனால் கலந்த மதுவை அருந்தி சிலாங்கூரிலும் பிற இடங்களிலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடித்தபின் பார்வை மங்கினால், "போதை தெளியட்டும்" என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மதுவின் தீமையை நம் முன்னோர் அறியாதவரல்லர். 1947இல் கெடா மாநிலத்துப் பீடோங்கில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். சம்பளப் பணம் வீடு வந்து சேரவேண்டும் என்பதே அவர்தம் கவலை.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். ஆதலின் மருத்துவரைக் கண்டு, அவர் துணையுடன் நிறுத்துவீராக. கள்ளிலிருந்து பீருக்கு மாறுவது திருந்துவதாகாது. அடுத்த சம்பள நாளன்று கடையைக் கடந்து நேரே வீட்டிற்குச் செல்லுங்கள். திருத்தம் அங்கிருந்து தொடங்கட்டும்.