ஈரச்சுவரும் மின்சாரமும்



ஐப்பசி மழையில் ஓடு ஒழுகிச் சுவிட்சுப் பலகை நனைந்தால், அபாயம் நேருமுன் பியூஸ் போய்விடும் என்று நம்மில் பலர் நம்பியிருக்கிறோம். 5 ஆம்பியர் பியூஸ் உருகுவதற்கு 5,000 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயவேண்டும். உயிரைப் போக்க அதில் நூறிலொரு பங்கே போதும். பியூஸ் கம்பிக்குக் காவலேயன்றி நமக்குக் காவலன்று.

மெயின் சுவிட்சு உலர்ந்த இடத்திலிருந்தால் உடனே அதை நிறுத்துவோம். அதுவும் நனைந்திருந்தாலோ, நீரில் நின்று தொடவேண்டியிருந்தாலோ அணுகலாகாது, மின்வாரியத்தாருக்குத் தெரிவிப்போம். மறுநாள் வெயிலில் சுவர் காய்ந்தாலும், உள்ளே புதைந்த குழாயில் நீர் தங்கியிருக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதிக்கும்வரை இருட்டைப் பொறுத்துக்கொள்வோம். மோட்டார் ஸ்டார்ட்டருக்குக் காட்டும் அக்கறையை வீட்டுப் பலகைக்கு நாம் காட்டுவதில்லை! 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இன்று கடைகளில் கிடைக்கிறது. பொருத்தியபின், அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்துவருவோமாக.