தெரிந்தும் தெரியாதது போல

(நமது முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஒரகடம் சிப்காட்டில் மெஷின் சத்தத்துக்கு நடுவே பிழைப்பு நடத்துபவன். ஆகவே அங்கே நான் கற்ற ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அறிவை மறைத்து வைப்பதால் வரும் லாபங்கள்!

சிரிக்காதீர்கள். இந்தக் கலையில் நாம் அரிச்சுவடி படித்ததே இந்தக் கல்லூரியில்தான். பரீட்சை அன்று காலையில் "மச்சான், ஒண்ணுமே படிக்கலடா" என்று தலையில் கை வைத்தவன் 85 மார்க் வாங்குவான். அவனை நாம் ஒதுக்கி வைத்தோமா? இல்லை. "எல்லா யூனிட்டும் முடிச்சிட்டேன்" என்று உண்மை பேசியவன்தான் மெஸ்ஸில் தனியாகச் சாப்பிட்டான்!

2011-இல் இங்கிருந்து வெளியேறி, ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பயிற்சிப் பொறியாளனாகச் சேர்ந்தேன். ஸ்ரீபெரும்புதூரில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ரூம். கம்பெனி பஸ்ஸில் ஒரு சீனியர் முதல் நாளே உபதேசம் செய்தார். "தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இரு. வேலை தெரிஞ்சவன் தலையிலதான் எல்லா வேலையும் விழும்." நான் கேட்கவில்லை. இளரத்தம்!

எங்கள் லைனில் 5 டிரில்லிங் மெஷின்கள், 5 ஆட்கள். ஒரு பீசுக்கு 90 விநாடி. சாப்பாட்டு நேரம் போக ஒரு ஷிப்டுக்கு ஏழரை மணி நேரம். ஆளுக்கு 300 பீஸ், மொத்தம் 1500. கணக்கு கச்சிதம். அதில் மூத்த ஆபரேட்டரை எல்லோரும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவோம். பத்தாவது வரைதான் படிப்பு. நான் எதைக் கேட்டாலும், "நமக்கென்ன சார் தெரியும், நீங்க படிச்சவங்க" என்பார்.

ஒரு நைட் ஷிப்டில் எதேச்சையாகப் போனேன். அவர் பீசை மாட்டும் வேகமே வேறாக இருந்தது. பீசைப் பிடிக்கும் நட்டை முழுசாகக் கழற்றாமல், லேசாகத் தளர்த்தி, ஒரு பக்கம் வெட்டுவிட்ட வாஷரை உருவினார். பீஸ் அப்படியே நட்டின் மேலாக வெளியே வந்துவிட்டது. நம் பாடப்புத்தகத்தில் சி-வாஷர் என்று வருமே, அதுதான். நான் அதைப் படம் போட்டு மார்க் வாங்கியவன். அவர் அதைக் கழிவு இரும்பில் தானே கிரைண்டிங் பிடித்துச் செய்திருந்தார். ஐந்து மெஷினுக்கும்! 90 விநாடி 72 ஆகியிருந்தது. 300 பீஸ் 6 மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்சம் ஒன்றரை மணி நேரத்தில் புதுப் பையனுக்கு வேலை சொல்லிக்கொடுப்பார்கள். உடம்பு முடியாதவருக்கு ஒருவர் மாற்றிச் செய்வார். பகலில், நேரம் அளக்க ஆள் வந்தால், வாஷர் ஐந்தும் டிபன் பைக்குள் போய்விடும்.

"சார், இதை எழுதிடாதீங்க" என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார்.

நான் எழுதினேன். கைசன் போட்டியில் என் பெயரில் முதல் பரிசு. ஒரு எவர்சில்வர் பிளாஸ்க், நோட்டீஸ் போர்டில் போட்டோ. டார்கெட் 375 ஆனது. 1500-ஐ 375-ஆல் வகுத்தால் 4. ஐந்தாவது ஆள் கான்ட்ராக்ட் தம்பி. அடுத்த மாதம் அவன் வரவில்லை.

அண்ணன் திட்டவில்லை. "நல்லா இருங்க சார்" என்றார். அதன்பின் அந்த லைனில் யாரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. மெஷின் சத்தம் மாறினால் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். எனக்கு அது நின்ற பிறகுதான் தெரியும்.

இது நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டுமல்ல. அமெரிக்காவில் சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில், 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை, டெலிபோன் இணைப்புப் பலகைகள் செய்யும் 14 தொழிலாளர்களை ஓர் அறையில் வைத்துக் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கணக்கு இருந்தது. மிஞ்சி வேலை செய்பவனுக்குப் பட்டப்பெயரும் தோளில் ஒரு குத்தும் கிடைக்கும். வேகம் தெரிந்தால் கூலியைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம். வேடிக்கை என்னவென்றால், அறிவுத் தேர்வில் முதலிடம் பெற்றவர்தான் அந்த அறையிலேயே மிகக் குறைவாக உற்பத்தி செய்தவர்! அவர்கள் பயந்ததில் தப்பென்ன? நம் பக்கத்திலேயே 2014 நவம்பரில் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றதைப் பார்த்தவர்கள் நாம். வேலை எவ்வளவு லேசாகப் போகும் என்று இந்தச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் யாரும் சொல்வார்கள்.

வள்ளுவர் அவையறிதல் அதிகாரத்தில், அறிவுள்ளவர் முன் அறிவொளியோடு இரு, அறியாதவர் முன் வெள்ளைச் சுண்ணாம்பாக இரு என்ற பொருளில் ஒரு குறள் சொல்லியிருக்கிறார். அண்ணன் என் முன்னால் சுண்ணாம்பாக நின்றார். அப்படியானால் அங்கே அறியாதவர் யார்? இது எனக்குப் புரியச் சில வருஷம் ஆனது.

நான் தங்கியிருந்த ஊர் ராமானுஜர் அவதரித்த ஊர். திருக்கோஷ்டியூரில் குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை அவர் ஊரறியச் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். வெளியே சொன்னால் நரகம் என்று குரு எச்சரித்திருந்தார். எல்லோரும் கரையேறினால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றாராம். நானும் ஒரு ரகசியத்தை ஊரறியச் சொன்னவன்தான். ஆனால் அவர் விலையைத் தானே கொடுக்க முன்வந்தார். என் ரகசியத்துக்கு விலை கொடுத்தவன் அந்தக் கான்ட்ராக்ட் தம்பி. பிளாஸ்க் மட்டும் எனக்கு!

இப்போது வேறு கம்பெனியில் ஒரு லைனுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஆலோசனைப் பெட்டி வைப்பதற்கு முன் நிர்வாகத்திடம் பேசி ஒன்று எழுதி வாங்கினேன். ஆபரேட்டர் சொல்லும் யோசனையால் மிச்சமாகும் நேரத்துக்காக அந்த லைனில் ஆள் குறைக்கக் கூடாது. யோசனை அவர் பெயரில்தான் போகும். எழுதி வாங்கவே பல மாதம் ஆயிற்று. பெட்டி வைத்த பிறகும் மூன்று மாதம் காலி. நாலாம் மாதம் ஒரே ஒரு சீட்டு விழுந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிளாஸ்க் ஞாபகம்தான் வந்தது.

தம்பி, தங்கைகளே! உங்கள் அறிவை மறைக்காதீர்கள் என்று நான் உபதேசம் செய்ய வரவில்லை. பட்டம் பெற்ற நாம் மறைத்தால் கொஞ்சம் சோம்பல், கொஞ்சம் சாமர்த்தியம். கான்ட்ராக்டில் இருப்பவர் மறைத்தால் அது அவருக்கு இன்ஷூரன்ஸ். "நமக்கென்ன சார் தெரியும்" என்று ஒருவர் சொன்னால் அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள். ஒருநாள் அவர் நம்பி உங்களிடம் எதையாவது காட்டினால், பேனாவை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கு யார் விலை கொடுப்பார்கள்?

அந்தத் தம்பி பிறகு எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. அப்போது நான் விசாரிக்கவும் இல்லை. என் ஆசிரியர்கள் முன்னிலையில் இதை ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன்.