குஞ்சுக்குத் தவறாத மருந்து, குழந்தைக்குத் தவறலாமா?



நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குஞ்சு இறங்கிய சில நாட்களிலேயே வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தாக வேண்டும். விட்டால் கொட்டகையே காலியாகிவிடும். அங்கே யாரும் புரளியைக் கேட்டு நாளைத் தள்ளிப்போடுவதில்லை. நாம் பெற்ற பிள்ளைக்கு என்று வரும்போது மட்டும் 'பிறகு பார்க்கலாம்' என்கிறோமே, இது நியாயமா?

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. உடனே வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. யார் சொன்னது, ஆதாரம் என்ன என்று விசாரிக்காமலே பெற்றோர் பலர் மறுத்தார்கள். அந்த மாதத்தோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சிலும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. வந்த செய்தியை விசாரிக்காமல் பரப்பாதீர்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிற சமுதாயம் நாம். செல்போன் கைக்கு வந்ததும் அது மறந்துவிடுகிறதா?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். நம் மக்கள் பெருவாரியாக வாழும் மலப்புரத்தில் 2016ல் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைதூக்கியது. தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ளாத பருவ வயதுப் பிள்ளைகள் மடிந்தார்கள். கைக்குழந்தையோடு ஊசி முடிந்துவிட்டது என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது! 5 வயதில் ஓர் ஊசி உண்டு. 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஊசி உண்டு. படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்த பையனுக்கு அதை நினைவூட்டுவது யார்?

மக்கள் அறியாதவர்கள் என்று பழிபோடுவது சுலபம். பயந்த தாய்க்குத் தேவை அதட்டல் அல்ல, பதில். அந்தப் பதிலைச் சொல்லும் தகுதி டாக்டருக்கும் செவிலியருக்கும்தான் உண்டு. அவர்கள் நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: இது எந்த நோய்க்கான ஊசி, காய்ச்சலோ வீக்கமோ வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாக வைத்து மறுமுறை கொண்டுவர வேண்டும். அவர்கள் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஜமாஅத்தார்களே! கிராம சுகாதார செவிலியரை மஹல்லாவுக்கு அழையுங்கள். பெண்கள் மனம்விட்டுக் கேட்க இடம் கொடுங்கள். நம் சமுதாயத்து டாக்டர்களையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். மதரஸாவில் தங்கி ஓதும் பிள்ளைகளைச் சேர்க்கும்போதே தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள்.

வியாபாரிகளே! உங்கள் கடையில் வேலை பார்க்கும் தகப்பனுக்குப் புதன்கிழமை காலையில் ஒரு மணி நேரம் விடுப்புக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதுதான் தடுப்பூசி நாள். ஊசிக்குக் காசில்லை.

இளைஞர்களே! உங்கள் தெருவில் அட்டை பூர்த்தியாகாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். வதந்தியை அனுப்பும் விரல், செவிலியர் வரும் தேதியை அனுப்பட்டும்.

தவக்குல் என்பது முயற்சியைக் கைவிடுவது அல்ல. முயன்றுவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். வரும் புதன்கிழமையைத் தவறவிடாதீர்கள்.